வாசலுக்கு வந்த கடை

மன்னார்க் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டில் றொஷேலின் அப்பாவைத் தெரியாதவர்கள் இல்லை. பேதுரு என்றால் சங்கு எடுக்கப் போகும் பேதுரு. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலின் அடிமட்டும் போய், பை நிறையச் சங்கோடு மேலே வருவார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஆழத்தில் நிற்கும்போதே சிலிண்டரில் காற்று முடிந்துவிட்டது. அப்பா அவசரமாக மேலே வந்தார். உயிர் தப்பியது. ஆனால் அன்றோடு நெஞ்சு கெட்டுப்போனது.

இப்போது அவர் நாற்பது அடி நடந்தால் நிற்பார். நின்று, தூரத்தில் போகும் படகு யாருடையது என்று பார்ப்பவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். உண்மையில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அது றொஷேலுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

அப்படிப்பட்டவர்மேல்தான் கொரோனாக் காலம் வந்து விழுந்தது.

இரண்டாவது வருடம் அது. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. கோயிலும் பூட்டியிருந்தது. பயணத்தடை என்பதால் மன்னார் பட்டினத்துக்கு பஸ் ஓடவில்லை. ஊரில் திறந்திருந்தது சிங்கராசா மாமாவின் கடை ஒன்றுதான். அதுவும் காலையில் மூன்று மணித்தியாலம் மட்டும்.

கடை வாசலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. 'மாஸ்க் இல்லாமல் உள்ளே வரக் கூடா' என்று அதில் எழுதியிருந்தது. கடைசி எழுத்துக்கு அட்டையில் இடம் போதவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, றொஷேலும் அப்பாவும் வரிசையில் நின்றார்கள். றொஷேலுக்குப் பதினொரு வயது. அவள் மாஸ்க் போட்டிருந்தாள். அப்பா போடவில்லை. அவருடைய சட்டைப் பையில் ஆஸ்பத்திரி டொக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தது.

அவர்களுடைய முறை வந்தது. சிங்கராசா மாமா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"பேதுருண்ணை, மாஸ்க் எங்க?"

"எனக்குப் போட ஏலாது தம்பி. நெஞ்சு வருத்தம். டொக்டர் கடிதம் தந்திருக்கிறார். வாசிச்சுப் பாருங்கோ."

அப்பா கடிதத்தை நீட்டினார். சிங்கராசா மாமா அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. நேற்றும் பி.எச்.ஐ. ஐயா வந்து பாத்திட்டுப் போனவர். மாஸ்க் இல்லாத ஒரு ஆளை உள்ளுக்குக் கண்டாலும் கடைக்குச் சீல் வைச்சிடுவினம்."

பி.எச்.ஐ. என்றால் சுகாதாரப் பரிசோதகர். அந்த நாட்களில் ஊரில் எல்லோரும் பயந்தது அவருக்குத்தான்.

"அஞ்சு நிமிசத்தில வாங்கிக்கொண்டு போயிடுவன்," என்றார் அப்பா.

வரிசையில் நின்ற றஞ்சிதம் மாமி பொறுமை இழந்தார். "எங்களுக்கும் மூச்சு முட்டுதுதான். நாங்கள் போட்டுக்கொண்டுதானே நிக்கிறம்?"

"அந்த மனிசனுக்கு உண்மையில ஏலாது. விடுங்கோவன்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"இண்டைக்கு இவரை விட்டால், நாளைக்கு ஊர் முழுக்கக் கடுதாசியோட வரும்," என்றது இன்னொரு குரல்.

அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பையில் இருந்து ஒரு மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சில் அவருடைய தோள்கள் மேலே ஏறின. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கை இழுத்துக் கழற்றினார். பிறகு இருமினார்.

அவர் இருமியதும் வரிசை முழுவதும் இரண்டு அடி பின்னால் போனது.

றொஷேல் அதைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார்.

"வா பிள்ளை, போவம்," என்றார்.

வெறும் பையோடு திரும்பினார்கள். வழியில் நான்கு தடவை நின்றார்கள். அந்த நான்கு தடவையும் அப்பா கடலைப் பார்க்கவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா மீன் காயப்போடும் கருவாட்டு வாடியில் வேலை முடிந்து வந்ததும் றொஷேல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"டொக்டரிட்டச் சொல்லி இன்னொரு கடிதம் எடுப்பம். தமிழில, பெரிய எழுத்தில," என்றார் அம்மா.

"இஞ்ச பிறந்து வளந்தவன் நான்," என்றார் அப்பா. "ஒவ்வொருத்தருக்கும் கடிதம் காட்டித்தான் எனக்கு ஏலாதெண்டு சொல்ல வேணுமோ?"

அதன் பிறகு அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பின்பக்கத்தில் கதிரையைப் போட்டு, நாள் முழுவதும் அதிலேயே இருந்தார். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் நெஞ்சு இன்னும் இறுகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதை ஞாபகப்படுத்தினால், "நாளைக்குப் பாப்பம்," என்பார். மறுநாளும் அதையே சொல்வார்.

கடைக்கு இப்போது றொஷேல் தனியாகப் போனாள். போகாமல் இருக்க அவளுக்கு ஆசைதான். ஆனால் வேறு கடை இல்லை. சிங்கராசா மாமா சாமான்களை எடுக்கத் திரும்பும்போதெல்லாம் அவள் மாஸ்க்குக்குள் நாக்கை நீட்டினாள். மாஸ்க்கில் அவளுக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

ஒரு நாள் சாமான்களோடு வெளியே வந்தபோது, பின்னாலிருந்து பை இழுபட்டது. ஊரில் திரியும் கழுதைகளில் ஒன்று பைக்குள் தலையை விட்டு, இலை இலையாகச் சுருண்ட கோவாவைக் கவ்விக்கொண்டது.

"விடு," என்றாள் றொஷேல். கழுதை விடவில்லை. கோவாவோடு கடையைச் சுற்றிக்கொண்டு ஓடியது. றொஷேலும் ஓடினாள்.

கடைக்குப் பக்கத்தில்தான் சிங்கராசா மாமாவின் வீடு. வீட்டுச் சுவரோரம் கழுதை நின்று நிதானமாக மென்றது. அப்போது மேலே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன முகம். தலையில் கம்பளித் தொப்பி. தொப்பிக்குக் கீழே ஒரு முடிகூட இல்லை.

அது சிங்கராசா மாமாவின் மகள் என்று அடையாளம் காண றொஷேலுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கிருஷிகா? நீ கொழும்பில பெரியம்மா வீட்டில நிண்டு படிக்கிறாயெண்டெல்லோ சொன்னவை?"

"கிட்ட வராத," என்றாள் கிருஷிகா. "அங்கேயே நில்லு. நான் படிக்கப் போகேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனனான்."

அவளுக்கு இரத்தத்தில் வருத்தம்; இரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றியதால் முடி கொட்டிவிட்டது. இப்போது ஒரு சளித் தடிமன் வந்தாலே அவளால் தாங்க முடியாதாம்.

"அப்பா எல்லாச் சாமானையும் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் வீட்டுக்குள்ள எடுப்பார்," என்றாள். "ஒருநாள் சீனிப் பையையும் கழுவிப்போட்டார். மூண்டு நாள் நாங்கள் சீனித்தண்ணி குடிச்சனாங்கள்."

றொஷேலுக்குச் சிரிப்பு வந்தது. கிருஷிகா சிரிக்கவில்லை.

"அண்டைக்கு உன்ர அப்பா வந்ததை யன்னலால பாத்தனான். அவர் போனபிறகு என்ர அப்பா சாப்பிடேல்லை. இதை ஒருத்தருக்கும் சொல்லாத. என்ர வருத்தம் தெரிஞ்சால், தங்களுக்கும் தொத்துமெண்டு பயந்து சனம் கடைக்கு வராதாம்."

"சொல்ல மாட்டன்," என்றாள் றொஷேல்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு மனம் கனத்தது. சிங்கராசா மாமா கெட்டவர் என்று நினைத்தபோது கோபப்படுவது சுலபமாக இருந்தது. இனி அதுவும் முடியாது. அப்பாவிடம் காரணத்தைச் சொல்லவும் முடியாது.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, அப்பா பின்வேலிப் பக்கம் வந்து நிண்டால் சாமான் எடுத்துத் தருவீங்களோ? கடைக்குள்ள வர மாட்டார்."

சிங்கராசா மாமாவின் முகம் தெளிந்தது. "ஓம் பிள்ளை. தாராளமா வரட்டும். பின்பக்கத்தால வந்தால் ஒருத்தருக்கும் தெரியாது."

றொஷேல் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உன்ர அப்பப்பா இருந்த காலத்தில," என்று மெதுவாகத் தொடங்கினார், "சில கடையளில எங்கட ஆக்களை முன்வாசலால விட மாட்டினம். பின்பக்கம் போய் நிண்டுதான் வாங்க வேணும். அவர் நிண்டவர். சின்னப் பிள்ளையா நானும் அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்." மூச்சை எடுத்துக்கொண்டார். "இனி நிக்க மாட்டன் பிள்ளை."

றொஷேல் தலையைக் குனிந்துகொண்டாள். நல்லது என்று நினைத்துச் செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது. அப்பா அவள் தலையைத் தடவினார்.

"உன்னில பிழையில்லை. உனக்கு இதெல்லாம் தெரியாதுதானே."

அடுத்த சனிக்கிழமை காலை, றொஷேல் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துவிட்டு வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. மேசையில் இருந்த மாஸ்க் பெட்டி திறந்து கிடந்தது. அப்பாவின் செருப்பைக் காணவில்லை.

அவளுக்கு உடனே விளங்கியது. அப்பா மாஸ்க் போட்டுக்கொண்டு கடை முன்வாசலுக்கே போய்விட்டார். அலுமாரிக்கு மேலிருந்த பம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். மூச்சு முட்டும்போது அப்பா வாயில் வைத்து அடிக்கும் மருந்து அது.

கடைக்கு எதிரே இருந்த பூவரச மரத்தடியில் அப்பா முழங்காலில் இருந்தார். முகத்தில் மாஸ்க் அப்படியே இருந்தது. ஒரு கை மரத்தைப் பிடித்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

றொஷேல் அப்பாவின் மாஸ்க்கைக் கழற்றினாள். பம்பை அப்பாவின் வாயில் வைத்து அழுத்தினாள்.

"மெதுவா அப்பா. மெதுவா இழுங்கோ. இன்னொருக்கா."

அப்பாவின் உதடுகள் நீலமாக இருந்தன. நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

சிங்கராசா மாமா கயிற்றுக்குக் கீழால் குனிந்து வெளியே ஓடி வந்தார். பத்து அடி தூரத்தில் சடாரென்று நின்றார். திரும்பித் தன் வீட்டு யன்னலைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். கால்கள் அதற்கு மேல் வரவில்லை. மறுபடி கடைக்குள் ஓடி, தான் இருக்கும் கதிரையைத் தூக்கி வந்தார். அதை நிலத்தில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

றொஷேல் கதிரையை இழுத்து வந்து அப்பாவை அதில் இருத்தினாள். சோளகக் காற்று கடல் பக்கமிருந்து நன்றாக வீசியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் குறைந்தது.

"பேதுருண்ணை," என்றார் சிங்கராசா மாமா. "எனக்குக் கிட்ட வர ஏலாது. வீட்டுக்குள்ள என்ர பிள்ளை வருத்தமாக் கிடக்கிறாள். இரத்தத்தில வருத்தம். ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் அவளைக் காப்பாத்த ஏலாதெண்டு சொல்லியிருக்கினம்."

இரகசியமாகச் சொல்ல வேண்டிய பேச்சு அது. ஆனால் நடுவில் பத்து அடி இருந்தது. அதனால் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வரிசை முழுவதற்கும் கேட்டது.

றஞ்சிதம் மாமி வாயில் கையை வைத்தார். "ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே, சிங்கராசா."

"சொன்னால் கடைக்கு வருவீங்களோ?"

வரிசையில் சிலர் குனிந்து தங்கள் பைகளைச் சரிசெய்தார்கள்.

அப்பாவுக்கு இப்போதுதான் பேச வந்தது. "எத்தினை வயசு இப்ப பிள்ளைக்கு?"

"பத்து."

"றொஷேலை விட ஒரு வயசு குறைவு," என்றார் அப்பா. சிங்கராசா மாமா முழங்கையால் கண்ணைத் துடைத்தார்.

றொஷேல் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா மரத்தடியில். மாமா தெருவில். சனம் வரிசையில். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கடை வெறுமையாக இருந்தது.

"மாமா," என்றாள். "இப்ப கடைக்குள்ள ஒருத்தரும் இல்லை."

"அதுக்கு?"

"ஒருத்தரும் உள்ளுக்கு வரத் தேவையில்லை. மேசையை இஞ்ச, முன்வாசலில போடுங்கோ. என்ன வேணுமெண்டு நாங்கள் தள்ளி நிண்டு சொல்லுறம். நீங்கள் உள்ள போய் எடுத்து வந்து மேசையில வையுங்கோ. அப்பாவுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் இப்பிடித்தான். அப்ப கிருஷிகாவுக்குக் கிட்டவும் ஒருத்தரும் போக மாட்டினம்."

சிங்கராசா மாமா யோசித்தார். "மழை வந்தால்?"

"தறப்பாள் கட்டலாம்."

"வெயில்?"

"மரம் இருக்குதுதானே."

"கழுதை?"

றொஷேல் திரும்பி வரிசையைப் பார்த்தாள்.

"கழுதையை நான் பாக்கிறன்," என்றார் றஞ்சிதம் மாமி.

அன்று மத்தியானமே மேசை வெளியே வந்தது. தராசும் வந்தது. சுண்ணாம்பால் நிலத்தில் வட்டங்கள் போட்டார்கள். முதல் இரண்டு நாளும் குழப்பம்தான். ஒருவர் பருப்புக் கேட்க, காற்றில் அது அடுப்பு என்று கேட்டு, சிங்கராசா மாமா கடை முழுவதும் அடுப்புத் தேடினார். றஞ்சிதம் மாமி கையில் தடியோடு வந்து நின்றார். கழுதை அவரைக் கண்டதும் வேறு தெருவுக்குப் போனது.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் பி.எச்.ஐ. அஸ்மி ஐயா வந்தார். மேசையைப் பார்த்தார். வட்டங்களைப் பார்த்தார். கடைசி வட்டத்தில் நின்ற அப்பாவின் முகத்தில் மாஸ்க் இல்லாததையும் பார்த்தார்.

"இவர் ஏன் போடேல்லை?"

அப்பா வாய் திறப்பதற்கு முன்பே சிங்கராசா மாமா சொன்னார். "அவருக்கு நெஞ்சு வருத்தம் ஐயா. டொக்டர் கடிதம் இருக்கு."

அஸ்மி ஐயா கடிதத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் வாசித்தார். அதை முழுதாக வாசித்த முதல் ஆள் அவர்தான்.

"வெளியில, காத்துப் படுற இடத்தில, தள்ளி நிண்டால் எனக்குப் பிரச்சினையில்லை," என்றார். "உள்ளுக்கெண்டால் விட ஏலாது. அவற்ற நெஞ்சுக்கும் அது கூடாது. கடைசி வட்டத்தை இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போடுங்கோ."

இரண்டு அடி தள்ளிப் போட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அப்பா வரும்போது இன்னும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிருஷிகாவின் வருத்தம் தெரிந்த பிறகு இரண்டு வீட்டுக்காரர் அந்தக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். என்ன காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. யன்னலுக்குக் கீழே நின்று றொஷேல் பாடம் சொல்லிக் கொடுத்தாள். சில நாட்களில் கிருஷிகா பாதியிலேயே களைத்துப்போய்ப் படுத்துவிடுவாள். றொஷேல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

ஆவணி மாதம் கிருஷிகாவை மறுபடியும் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். அவளுடைய அம்மாவும் கூடப் போனார். ஆஸ்பத்திரியில் ஒருவர்தான் நிற்கலாம் என்றார்கள். அதனால் சிங்கராசா மாமா தனியாகத் திரும்பி வந்தார். யன்னல் பூட்டிக் கிடந்தது.

மறுநாள் காலை கடை திறந்தது. வரிசையில் ஒருவரும் சத்தம் போட்டுக் கதைக்கவில்லை. மாமாவின் கண்கள் வீங்கியிருந்தன. அரிசி கேட்டவருக்கு மாவை நிறுத்துக் கொடுத்தார். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

"அடுத்தது ஆர்?" என்று கேட்டார் மாமா.

"நான்," என்றார் அப்பா. தன் வட்டத்தில் நிமிர்ந்து நின்றார். "ஒரு றாத்தல் பாண். கால் கிலோ பருப்பு."

மாமா பேக்கரிப் பாணையும் பருப்பையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"பிள்ளையிட்ட இருந்து டெலிபோன் கோல் வந்ததோ?" என்று கேட்டார் அப்பா.

"காலமை வந்தது. ராத்திரி ஒரு இடியப்பம் சாப்பிட்டவளாம்."

"முழுசா?"

"முழுசா."

"அது காணும்," என்றார் அப்பா. "இண்டைக்கு அது போதும்."

மாமா தலையை ஆட்டினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "மூச்சு எப்பிடி அண்ணை?" என்று கேட்டார்.

"வந்து போகுது."

அதைக் கேட்டு மாமாவுக்குச் சின்னதாகச் சிரிப்பு வந்தது. அப்பாவும் சிரித்தார்.

றொஷேல் மேசையிலிருந்து பாணை எடுத்துக்கொண்டாள். அது இன்னும் சூடாக இருந்தது. இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். முதல் நாற்பது அடியில் அப்பா நின்றார்.

"இண்டைக்கு மூச்சு வாங்குது பிள்ளை. கொஞ்சம் நிண்டு போவம்," என்றார்.

"ஓம் அப்பா," என்றாள் றொஷேல். தெரு நடுவில், எல்லோரும் பார்க்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் நின்றாள்.